சேலத்திலிருந்து ஸ்பிதி, லடாக் வரை பைக்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலைக்குள் இரண்டு தடவை பைக்கில் போய் வந்திருக்கிறேன். 2018 ஜூனில் நண்பனோடு மணாலி வழியாக லடாக்கின் முக்கிய ஊரான லே போனது முதல் தடவை. 2024 செப்டம்பரில் சேலத்தில் வீட்டு வாசலிலிருந்தே வண்டியை எடுத்து, இமாச்சலின் கின்னௌர், ஸ்பிதி, அப்புறம் லே, கார்கில், ஸ்ரீநகர் என்று சுற்றி ஜம்முவில் முடித்தது இரண்டாவது. அதற்கப்புறம் போன் பண்ணிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லோரும் முதலில் கேட்பது எந்த வண்டி என்று. நான் அவர்களிடம் முதலில் கேட்பது எத்தனை நாள் இருக்கிறது என்று. என் முதல் பயணத்தில் கெட்டுப்போனதெல்லாம் நாள் போதாமல் அவசரப்பட்டதால் கெட்டதுதான்.

எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

எனக்கு 29 நாள் ஆனது. சேலத்திலிருந்து சண்டிகர் 6 நாள், சண்டிகரிலிருந்து ஸ்பிதி வழியாக லே 12 நாள், லேயிலும் அதைச் சுற்றியும் 5 நாள், லேயிலிருந்து ஜம்மு 3 நாள், ரயிலில் ஊர் திரும்ப 3 நாள். அந்த 12 நாளில் மூன்று நாள் வண்டியைத் தொடவே இல்லை. கல்பாவில் ஒரு நாள் வேண்டுமென்றே தங்கினேன், காஸாவில் ஒரு நாள் துணி துவைத்தேன், நாகோவில் ஒரு நாள் முன்னால் பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. கடைசியாகச் சொன்னது மாதிரி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அந்த நாளைத் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தால், நாகோ ஏரிக்கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இருக்கலாம். எழுதி வைக்காவிட்டால், மறுநாள் இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஓட்டி இருட்டில் மலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பத்து, பதினைந்து நாள்தான் கிடைக்கும் என்றால் லடாக்கை அடுத்த வருஷத்துக்கு வைத்துவிட்டு ஸ்பிதியை மட்டும் பாருங்கள். இரண்டையும் பதினைந்து நாளில் முடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிக்கலாம், ஆனால் பார்க்க முடியாது.

எந்த வழி நல்லது?

லேவுக்குப் போக மூன்று முக்கிய வழிகள். ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா (லா என்றால் கணவாய்), கார்கில் வழியாகப் போவது ஒன்று, சுமார் 420 கி.மீ. மணாலியிலிருந்து அடல் சுரங்கம், கேலாங், சர்ச்சு, பாங் வழியாகப் போவது இன்னொன்று. 2020 அக்டோபரில் திறந்த அந்தச் சுரங்கம் 9.02 கி.மீ. நீளம், அதற்கு முன்னால் ரோதாங் கணவாய் சேற்றில் அரை நாள் போகும், 2018ல் எங்களுக்குப் போனது. மூன்றாவது, ஷிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோரமாகக் கின்னௌர் போய், காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சேரும் முனையில் திரும்பி, நாகோ, டாபோ, காஸா தாண்டி, குன்சும் லா (4,551 மீட்டர்) ஏறி இறங்கி, கிராம்ஃபூவில் மணாலி சாலையைப் பிடித்துக் கேலாங் போவது. ஜன்ஸ்கார் வழியாக இப்போது இன்னொரு சாலையும் வந்திருக்கிறது, அதில் ஷிங்கு லா என்ற 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய் இருக்கிறது, முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது மூன்றாவது வழியை. காரணம் உயரம். நார்கண்டா 2,700 மீட்டர், கல்பா 2,960, நாகோ 3,660, அப்புறம் டாபோ 3,280, காஸா 3,650. உடம்பு மெதுவாகப் படியேறிப் பழகிக்கொள்கிறது, லே வருவதற்குள் அது மலைவாசி ஆகிவிடுகிறது. மணாலி 2,050 மீட்டர். காலையில் அங்கே கிளம்பினால் அன்று இரவே 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவில் படுக்கச் சொல்லும் வழி அது. ஸ்ரீநகர் வழியும் நல்லதுதான், கார்கிலில் 2,676 மீட்டரில் ஒரு இரவு தங்கிவிட்டு ஏறலாம். மணாலி வழியை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்பிதியில் பழகிவிட்டு அதில் ஏறுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

செப்டம்பர். முதல் வாரம் முடிந்து மாதக் கடைசி வரை. மழை ஓய்ந்திருக்கும், பனி உருகும் தண்ணீர் குறைந்திருக்கும், வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஸ்பிதியில் பட்டாணி அறுவடை முடிந்து பார்லி வயல் மஞ்சளாகக் கிடக்கும்.

ஜூனில் பனிச்சுவர்களுக்கு நடுவே ஓட்டலாம், படம் அருமையாக வரும். ஆனால் உருகும் தண்ணீர் முழுக்கச் சாலையில்தான் ஓடும். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம் என்பேன். ஸ்பிதியிலும் லடாக்கிலும் மழை குறைவு என்பது உண்மை, ஆனால் அங்கே போகும் வழியில் இருக்கிற கின்னௌரும் குல்லுவும் மழை நாடு. 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சரியில் மலை சரிந்து ஒரு பஸ்ஸை மூடியது, 28 பேர் போனார்கள். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு மணாலி சாலையைப் பல இடங்களில் தின்றுவிட்டது, அதே வாரம் சந்திரதால் ஏரி முகாம்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பனியில் மாட்டி நாள்கணக்கில் காத்திருந்துதான் கீழே வந்தார்கள். அந்தச் சாலையில் இப்போது போகும்போதும் மேலே பார்த்துக்கொண்டேதான் போவேன்.

சேலத்திலிருந்து ஓட்டிக்கொண்டே போக வேண்டுமா? ரயிலில் அனுப்பினால் போதாதா?

போதும். ஓட்டிப் போவதில் இருக்கும் சந்தோஷம் தனி, அதை யாருக்கும் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு ஆசை இருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகும் 44ம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் ஆரம்பித்து ஸ்ரீநகரில் முடிகிறது, மொத்தம் 3,700 கி.மீ.க்கு மேல். நாமக்கல்லுக்கும் மதுரைக்கும் போன அதே ரோட்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு போவது. நாளுக்கு 450 கி.மீ., மாலை ஐந்துக்கு மேல் ஓட்டவில்லை. நாக்பூர் பக்கம் வெயிலும் லாரியும்தான் மிச்சம், பார்க்க அதிகமில்லை, ஆனால் நிலமும் பேச்சும் சாப்பாடும் மெதுவாக மாறிக்கொண்டே வருவதை உடம்பால் உணரலாம்.

நேரம் குறைவு என்றால் வண்டியை டெல்லிக்கு ரயிலில் அனுப்பிவிட்டு அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மணாலியிலோ லேயிலோ வாடகைக்கு எடுக்கலாம். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த வண்டியை லே வரைதான் கொண்டுபோக விடுவார்கள். அங்கிருந்து நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி போக லேயில் வாடகைக்கு எடுத்த வண்டிதான் வேண்டும், உள்ளூர் வாடகைக்காரர்கள் சங்கம் இதில் கறாராக இருக்கிறது. சொந்த வண்டிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பது நல்லது.

புல்லட்தான் வேண்டுமா? என்னிடம் 125 சிசிதான் இருக்கிறது.

125லும் போகிறார்கள், ஸ்கூட்டரிலும் போகிறார்கள். காஸாவில் நான் தங்கிய வீட்டு வாசலில் ஒரு 110 சிசி வண்டி பின்னால் இரண்டு மூட்டையோடு நின்றது.

என்ன வண்டியாக இருந்தாலும் மேலே போகப்போக இழுவை குறையும். காற்று மெலிந்துவிடுவதால், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 5,300 மீட்டரில் உங்கள் 20 குதிரைத்திறன் வண்டி 11, 12 குதிரையில் ஓடும். 125ல் ஒற்றை ஆளாகப் போனால் முதல் கியரில் ஏறிவிடும், பின்னால் ஆளை உட்கார வைத்தால் அவர் சில இடங்களில் இறங்கி நடக்க வேண்டிவரும், அந்த உயரத்தில் நடப்பது சின்ன வேலை இல்லை.

என்னுடையது 2016ல் வாங்கிய கார்புரேட்டர் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 1955லிருந்து புல்லட் நம் மெட்ராஸில்தான் தயாராகிறது. லே கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை திருவொற்றியூர், ஒரகடம் பக்கத்திலிருந்து போனவை என்று நினைத்தபோது ஏனோ நெஞ்சு நிறைந்தது. கார்புரேட்டர் வண்டி மேலே போனால் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கறுப்பாகப் புகைவிடும், ஐட்லிங்கில் நின்றுபோகும். ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பிவிட ஊரிலேயே மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டு போனேன், அது போதுமாக இருந்தது. 2020க்கு அப்புறம் வந்த எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகள் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

வண்டியைவிட அதை ஓட்டுகிற பழக்கம் முக்கியம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் கொல்லிமலைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வாரம் ஒரு தடவை ஏறி இறங்கினேன், 70 கொண்டை ஊசி வளைவு. சர்ச்சுவுக்கு அப்பால் வரும் காட்டா லூப்ஸில் 21தான். ஆனால் அங்கே தார் இல்லாத இடத்தில் எதிரே ராணுவ லாரி வரும், மூச்சும் வாங்கும். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள், வழியில் நின்றுபோன வண்டிகளில் நிறைய கிளட்ச் பிளேட் கருகியவை.

மூச்சு வாங்குமா? உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

லே உயரத்தில், அதாவது 3,500 மீட்டரில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 65 சதவீதம். டாங்லாங் லா (5,328 மீட்டர்) உச்சியில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நேரம் கேட்கும். ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் வரும், ஐம்பது வயது ஆளுக்கு வராமலும் போகும், பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2018ல் என்ன நடந்தது என்றால், மணாலியில் காலை நான்கு மணிக்குக் கிளம்பி ரோதாங் தாண்டி, பாராலாச்சா லா (சுமார் 4,850 மீட்டர்) தாண்டி, இரவு சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தோம். எனக்குத் தலை பிளந்தது. நண்பன் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தான், நடு இரவில் எழுப்பினால் நான் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான், எழுந்து நின்றபோது குடித்தவன் மாதிரி தள்ளாடினான். "மச்சான், ஒண்ணுமில்லடா, தூங்கினா சரியாயிடும்" என்றான். தூங்கினால் சரியாகாது, இறங்கினால்தான் சரியாகும். சர்ச்சுவில் இருக்கும் ஆபத்தே அதுதான்: முன்னால் லேவுக்குப் போனாலும் 5,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், பின்னால் திரும்பினாலும் பாராலாச்சா ஏற வேண்டும், இறங்க நேர் வழி கிடையாது. விடியும் முன்பே ஒரு பிக்கப் வண்டிக்காரரைக் கெஞ்சி அவனை ஏற்றிக்கொண்டு, என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பாராலாச்சா வழியாகவே கேலாங்குக்குத் திரும்பினோம். கேலாங் 3,080 மீட்டர். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டான். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும்.

அதனால் விதிகள். 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, இன்று படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தில் இன்னொரு இரவு. பகலில் உயரமான கணவாயைக் கடக்கலாம், இரவில் கீழே வந்து படுக்க வேண்டும். தண்ணீர் நிறைய, மது வேண்டவே வேண்டாம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே இறங்குங்கள், காலை வரை காத்திருக்கக் கூடாது. நாங்கள் சில மணி நேரம் காத்திருந்தது தப்பு.

அசெட்டசோலமைட் (டயமாக்ஸ்) மாத்திரை உதவும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது, அதனால் ஊரிலேயே டாக்டரைப் பார்த்து அளவு கேட்டுக்கொண்டு வாங்குங்கள். கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகும் என்று வழியில் நிறைய பேர் சொல்வார்கள், மூக்கடைப்பு வேண்டுமானால் விடும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

ஸ்பிதி பக்கம் ரெக்காங் பியோவுக்குக் கீழே ரோட்டோரம் போவாரியில் நிரப்பினால் அடுத்தது காஸா, சுமார் 200 கி.மீ. காஸாவில் நிரப்பினால் அடுத்தது கேலாங்குக்கு முன்னால் இருக்கும் தாண்டி என்ற ஊர். சந்திரா ஆறும் பாகா ஆறும் சேர்ந்து செனாப் ஆகிற இடம் அது. அங்கேதான் "அடுத்த பெட்ரோல் பம்ப் 365 கி.மீ." என்ற புகழ்பெற்ற பலகை. தாண்டியைத் தாண்டினால் லே பக்கம் போகும் வரை கூடாரக்காரர்கள் பாட்டிலில் விற்பதுதான், அதை நம்பிப் போக வேண்டாம். என் டேங்க் 13.5 லிட்டர், மேலே 30 கி.மீ. கொடுத்தது, கணக்குப்படி போதும். இருந்தாலும் 5 லிட்டர் கேன் ஒன்று பக்கவாட்டில் கட்டியிருந்தேன், அதில் மூன்று லிட்டர் வேறு ஒருவருக்குத்தான் பயன்பட்டது.

சாலையில் ஆறு ஓடுமாமே, அதை எப்படிக் கடப்பது?

அங்கே நாலா என்பார்கள். பனி உருகி வருகிற தண்ணீர் என்பதால் காலையில் கணுக்கால் அளவு, பிற்பகலில் முழங்கால் அளவு. அதனால் பெரிய நாலா இருக்கிற நாளில் விடிந்ததும் கிளம்பிப் பத்து, பதினொரு மணிக்குள் தாண்டிவிடுங்கள். குன்சும் லாவிலிருந்து இறங்கி பாட்டல் முதல் கிராம்ஃபூ வரை இருக்கும் பகுதி மிக மோசம், சாலை என்ற பெயரில் உருண்டைக் கல் கிடக்கும்.

கரையில் நிறுத்தி, முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர், கிளட்ச் பிடிக்காதீர்கள், கண் எதிர்க்கரையில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் விழுவீர்கள். தண்ணீருக்குள் வண்டி அணைந்து இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றினால் செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்து பிரேக்கை நாலைந்து தடவை மெல்லப் பிடித்துக் காயவிடுங்கள். மாற்று சாக்ஸ் மேல் பையில் இருக்கட்டும், நனைந்த காலோடு 4,500 மீட்டரில் ஓட்டுவது மாதிரி ஒரு கொடுமை இல்லை.

வண்டிக்கு என்னென்ன எடுத்துப் போவது?

கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் (கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஓட்டி டேப் சுற்றிவிட்டால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை), பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், இரண்டு டியூப், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், செயின் ஸ்பிரே, அரை லிட்டர் இஞ்சின் ஆயில். இதையெல்லாம் எடுத்துப் போவதைவிட, டியூப் கழற்றி மாட்ட ஊரில் பஞ்சர் கடையில் இரண்டு தடவை உட்கார்ந்து செய்து பழகிவிட்டுப் போவது மேல்.

குளிர்?

செப்டம்பரிலும் சர்ச்சுவில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். தடிமனான ஒன்றைவிட மெல்லிய மூன்று: உள்ளே தெர்மல், நடுவே ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். கிளவுஸ் இரண்டு ஜோடி. பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் கிளவுஸிலும் ஷூவிலும் பிடிக்காதீர்கள், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ராஜ்மா சாவல் எங்கேயும் உண்டு, அரிசி பழகின நமக்கு அது வரம். ஆலு பராட்டா, மேகி, ஆம்லெட், துக்பா, மோமோ. இமாச்சலில் சித்து என்று ஆவியில் வேகவைத்த ஒரு பதார்த்தம் கிடைக்கும், உள்ளே பூரணம் வைத்து, மேலே நெய் ஊற்றி, நம் கொழுக்கட்டைக்கு அண்ணன் மாதிரி. ஸ்பிதியிலும் லடாக்கிலும் உப்பும் வெண்ணெயும் போட்ட டீ தருவார்கள், முதல் வாய் விசித்திரமாக இருக்கும், குளிரில் இரண்டாவது கோப்பை நீங்களே கேட்பீர்கள். பாங்கில் கூடாரக் கடைகளைப் பெரும்பாலும் பெண்கள்தான் நடத்துகிறார்கள், அவ்வளவு உயரத்தில் மாதக்கணக்கில் தங்கி, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறவனுக்கும் அடுப்பு மூட்டுகிறார்கள். அங்கே பேரம் பேசாதீர்கள்.

போன் வேலை செய்யுமா? பணம்?

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். கிளம்புவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். இமாச்சலில் ப்ரீபெய்ட் ஓடும், காஸாவில் சிக்னல் உண்டு, குன்சும் பக்கமும் கேலாங் தாண்டி உப்ஷி வரையும் அநேகமாக இல்லை. வீட்டில் "இரண்டு நாள் போன் வராது, பயப்பட வேண்டாம்" என்று நாளைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். என் அம்மா அந்த இரண்டு நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

பணம் கையில் ரொக்கமாக வைத்திருங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ இல்லை. சேலம் முதல் ஜம்மு வரை சுமார் 5,000 கி.மீ., பெட்ரோலுக்கு 16,000 ரூபாய்க்கு மேல் ஆனது. டயர், சர்வீஸ், தங்கல், சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து 75,000 வந்தது. ஹோம்ஸ்டேயில் தங்கினதால் இவ்வளவில் முடிந்தது.

பெர்மிட்?

இந்தியர்களுக்கு ஸ்பிதிக்கு எதுவும் வேண்டாம். லடாக்கில் நூப்ரா, பாங்காங், ஹன்லே பக்கம் போவதற்கான பதிவும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஆதார், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் அசலும் நகலும் வைத்திருங்கள்.

இந்தி தெரியாதே?

எனக்கும் அரைகுறைதான். "ஆகே ரோட் குலா ஹை க்யா?" (முன்னால் ரோடு திறந்திருக்கிறதா?) என்ற ஒரு வாக்கியம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பிதியிலும் லடாக்கிலும் யாரைப் பார்த்தாலும் "ஜூலே" சொல்லுங்கள். வணக்கத்துக்கும், நன்றிக்கும், போய் வருகிறேனுக்கும் அந்த ஒரு சொல்தான்.

தமிழும் கேட்கும். திராஸ் பக்கம் கான்வாய் போவதற்காக ஓரமாக நின்றபோது, டிஎன் நம்பர் பிளேட்டைப் பார்த்த ஒரு ஜவான் லாரியிலிருந்து எட்டி, "அண்ணே, எந்த ஊரு?" என்றார். சேலம் என்றேன். "நான் தர்மபுரிண்ணே!" என்று அவர் கத்துவதற்குள் லாரி வளைவில் போய்விட்டது. திராஸ் நினைவிடத்தில் 1999 கார்கில் போரில் உயிர்விட்டவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். பட்டாலிக்கில் அந்த மே மாதம் விழுந்த திருச்சி மேஜர் சரவணனை நினைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

தனியாகப் போகலாமா? பெண்கள்?

இரண்டு பேர் போவது நல்லது, ஆறு பேருக்கு மேல் போனால் ஒருவருக்கொருவர் காத்திருந்தே நாள் போய்விடும். தனியாகப் போனால், காலையில் கிளம்பும்போது அடுத்து எங்கே தங்குகிறேன் என்று தங்கிய வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாக ஓட்டிவந்த பெண்கள் மூன்று பேரை வழியில் பார்த்தேன். சாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடினம்தான் என்றார்கள்.

உம்லிங் லா போகாமல் வந்தால் பயணம் முழுமையாகுமா?

ஆகும். உம்லிங் லா 5,798 மீட்டர், உலகின் மிக உயரமான வண்டி ஓடும் சாலை என்று கின்னஸில் ஏறியது. அதற்கு முன்னால் அந்தப் பெயர் கார்துங் லாவுக்கு இருந்தது, பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், அளந்து பார்த்தால் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,600 அடிதான். உயரத்தைத் துரத்தி ஓடினால் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும், அதற்கு மேல் அங்கே நிற்க உடம்பு விடாது.

நான் டாபோவைச் சொல்வேன். 996ல் கட்டிய புத்த மடம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தது 1010ல், அதற்கு 14 வருஷம் முன்னால், முழுக்க மண்ணால். வெளியே பார்த்தால் பெரிய மண் மேடு மாதிரி இருக்கும். உள்ளே இருட்டில் கண் பழகப்பழக, சுவர் முழுக்க ஆயிரம் வருஷத்து ஓவியம் ஒவ்வொன்றாக வெளியே வரும். டார்ச்சும் ஃபிளாஷும் அடிக்காமல் அரை மணி நேரம் உட்காருங்கள். இன்னொன்று ஹிக்கிம், சுமார் 4,400 மீட்டரில் ஒரு தபால் நிலையம். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன், நான் வந்து சேர்ந்து ஒன்பது நாள் கழித்து அது வந்தது.

வழியில் எதைச் செய்யக் கூடாது?

இந்தச் சாலைகளை 1960ல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு, பி.ஆர்.ஓ., பராமரிக்கிறது. கல் உடைத்துத் தார் ஊற்றுகிறவர்கள் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, நாம் பத்து நிமிடம் நிற்கத் திணறுகிற உயரத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள், புழுதியும் கல்லும் அவர்கள் மேல்தான் தெறிக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வீசுகிறார்கள் சிலர், அது கேவலம். கொடுக்க வேண்டுமென்றால் நிறுத்தி, இறங்கி, கையில் கொடுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பாங் தாண்டி வரும் மோரே சமவெளியில் சாலையை விட்டுப் புல்லில் ஓட்டாதீர்கள், அந்தத் தடம் வருஷக்கணக்கில் அழியாது. பாங்காங் கரையில் தண்ணீருக்குள் வண்டியை இறக்காதீர்கள். மார்மட் என்ற பெருத்த அணில் மாதிரி ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்க்கும், அதற்கு பிஸ்கட் போடாதீர்கள். காலி பாட்டிலை ஊருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

திரும்பும்போது வண்டியை ரயிலில் அனுப்புவது எப்படி?

ஜம்மு தாவியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகவே போகிறது, ஆனால் வாரம் ஒரு தடவைதான், அதனால் நாளைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். அதே ரயிலில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் வண்டி பெரும்பாலும் உங்களோடு வரும், பார்சலாகப் போட்டால் இடம் இருக்கும்போது வரும். ஆர்.சி. நகல், ஆதார் நகல் கேட்பார்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்கிவிட வேண்டும். ஸ்டேஷன் வாசலில் சாக்கு சுற்றிக் கட்டித் தர ஆட்கள் இருப்பார்கள், கண்ணாடியையும் பக்கவாட்டுப் பைகளையும் முன்னாடியே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எங்கே என்று வண்டியின் மேல் பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள், பேனாவில் எழுதினால் மழையில் போய்விடும். சேலத்தில் இறக்கியதும் வீடு வரை ஓட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கிக்கொண்டு யாரையாவது ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வையுங்கள். எனக்குத் தம்பி வந்தான்.